ஐம்பத்திரண்டு கிலோ

சந்தூர் தாண்டி, போச்சம்பள்ளி சாலையில்
மாங்கூழ் ஆலை. எடைமேடை எண் இரண்டு.
ஆனி மாதம். இரவு ஷிஃப்ட். நான்.

சரக்கு லாரி மேடை ஏறும்போது
தார்ப்பாய்க்கு அடியில் கிளீனர் திம்மராஜ் படுத்திருப்பான்,
பெங்களூரா காய்களோடு அவனும் ஒரு காயாக.
இறக்கிவிட்டு வெற்று லாரி மறுபடி ஏறும்போது
எதிர்க்கடையில் பன் தின்றுகொண்டிருப்பான்.
இரண்டு எடைக்கும் நடுவில்
அவன் உடம்பு மாங்காயாகிவிடும்.
ஐம்பத்திரண்டு கிலோ.
சீசன் முடிவதற்குள் ஐம்பது. இளைத்துவிடுவான்.

எனக்குத் தெரியும்.
என் கணினிக்கும் அப்படி ஒரு தார்ப்பாய் இருப்பது
போன வாரம்தான் தெரிந்தது.

வண்டிகளைப் பற்றி நான் சொல்லும் குறிப்பை
என் கோப்பில் எழுதிவைக்க ஒரு நிரல்.
ரூட் அதிகாரத்தில் ஓடுவது. ஆனால் நல்ல பிள்ளை.
எழுதும் முன் கேட்கும்:
இது இவளுடைய கோப்புதானா?
ஆமாம் என்றால் பிறகு திறக்கும்.

அந்தப் ‘பிறகு’தான் சங்கதி.

கூழ்த்தொட்டி மேல் மொய்க்கும் பழ ஈ
சிறகை ஒருமுறை அடிக்கிற நேரம்கூட இல்லை அது.
ஆனால் இருக்கிறது.
அதற்குள் கோப்பை உருவிவிட்டு
அதே பெயரில் ஒரு கைகாட்டிப் பலகை நட்டால்
நிரல் பெயரை மட்டும் பார்க்கும்,
பலகை காட்டும் வழியில் போகும்,
யாரும் தொடக்கூடாத பயனர் பட்டியலில்
நான் சொன்ன வரியைத் தன் கையாலேயே எழுதும்.

ஒரு நிரல் எழுது எழுது என்று அரித்தது.
இன்னொன்று மாற்றி மாற்றி வைத்தது:
கோப்பு, பலகை, கோப்பு, பலகை.
தோற்றது. தோற்றது.
நவ்ஷாத்தின் டிராக்டர் வந்தது, எடை போட்டேன், போனது.
பதினோராயிரம் தடவை தோற்றது.
டீ ஆறி ஏடு கட்டியது.
பத்தொன்பதாயிரத்துச் சொச்சத்தில்
பட்டியலின் அடியில் என் பெயர்,
பெயருக்கு எதிரே பூஜ்யம்.

சம்பளச் சீட்டில் பூஜ்யம் என்றால் வயிறு கலங்கும்.
அங்கே பூஜ்யம் என்றால் எல்லாம்.

உள்ளே போய், நான் யார் என்று கேட்டேன்.
ரூட், என்றது.
சுற்றிலும் பத்து மைலுக்கு மாந்தோப்பு,
இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் வேர்.
சிரிப்பு வந்தது.

வெட்டிவிட்ட மூன்று நாள் விடுப்பைத்
திருத்திக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன்.
அங்கே கிடந்தது வேறு.
விடியற்காலை மூன்று மணிக்குத் தினமும் ஓடும் ஒன்று.
ஏழே வரி.
ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
விவசாயி வீட்டுக்குப் போய்த் தூங்கிய பிறகு
ஒவ்வொரு எடையிலும் நூற்றுக்கு மூன்றை உரிக்கும்.
‘கழிவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
காட்டிய எடை ஒன்று, காசு போடும் எடை ஒன்று.
பணம் ஆவணியில் வரும்.
அதற்குள் ரசீது வெளுத்து வெறும் காகிதமாகியிருக்கும்.

பத்து டன் லாரிக்கு முந்நூறு கிலோ.
கிட்டத்தட்ட ஆறு திம்மராஜ்.

ஓட்டையை முதலில் அடைத்தேன்.
பெரிய வித்தை இல்லை:
கேட்டுவிட்டுத் திறக்காதே.
திற, கையில் பிடி, பிடித்தபடியே கேள்
யாருடையது என்று.
பதில் வரும்வரை பிடியை விடாதே.

பிறகு அந்த ஏழு வரியில் ஒன்றில்
மூன்று இருந்த இடத்தில் பூஜ்யம் போட்டேன்.
பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தேன்.
மணி இரண்டு ஐம்பத்திரண்டு.
விடுப்பு ஞாபகமே வரவில்லை.

ஐந்தரைக்குக் காவேரிப்பட்டணம் லாரி மேடை ஏறியது.
தார்ப்பாய் ஓரத்தில் ஒரு நீல ரப்பர் செருப்பு
வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பார்த்தேன்.
பார்த்ததற்கும் பொத்தானை அழுத்துவதற்கும் நடுவே
கொஞ்சம் நேரம் இருந்தது.