தண்ணி காட்டாத நாள்

மிதுனம் பிறந்ததிலிருந்து
ஷவர் மூலையில் கறுப்பு.
முதலில் உளுந்துத் தொலி போல நாலைந்து புள்ளி,
பிறகு ஓரம் முழுக்க மை தீட்டிக்கொண்டது.
பிளீச்சிங் பவுடர் போட்டேன்.
வெளுத்தது என் விரல் நுனிதான்.

வேலந்தாவளம் ரோட்டில்
முசாபர் ராவுத்தர் சொன்னார்:
"மேலே பூசினா நிக்காதும்மா.
பழசைப் பூரா எடு, காயவை.
புதுசு வச்சா ஒரு நாள் தண்ணி காட்டாதே."
டியூப், துப்பாக்கி, ரெண்டு பிளேடு.
சில்லறைக்குப் பதில் ஒரு தேன்மிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.
நுனி கிளம்பியதும்
ஒரு முழம் அறுபடாமல் வந்தது
கோழிக்குடல் மாதிரி, வழவழவென்று.
கறுப்புக்கு நடுவே
யாரோ விரலால் இழுத்த பள்ளம்,
முடிவில் அவசரமாகத் தூக்கிய வால்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
பெரிய விரல் அது.

இடுக்கெல்லாம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து
மேசை ஃபேனை வாசலில் வைத்தேன்.
கணவாய்க் காற்று கொழிஞ்சாம்பாறையில்
கொடியில் காயும் பாவாடையைத் தூக்கிப்போகும்,
இந்தக் கதவுக்குள் மட்டும் நுழையாது.

டேப் ஒட்டி அழுத்தினேன்.
புளித்த நெடி கண்ணைக் கரித்தது.
சோப்புத் தண்ணி தொட்ட விரல்,
மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு.
நடுவில் தும்மிவிட்டேன்.
அந்த இடம் தடித்துப்போச்சு, போகட்டும்.

நெடி படியிறங்கிச் சொல்லியிருக்க வேண்டும்.
சாயங்காலம் கீழ்வீட்டு சிசிலி
"இங்கட்டு வந்து குளிச்சோ" என்றாள்.

அவள் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டு
நிமிர்ந்தேன்.
மேலே பழுப்பாய் ஈரம்.
விளிம்பைச் சுற்றிப் பென்சில் கோடு.
அதற்கு வெளியே இன்னொன்று,
அதற்கும் வெளியே.
ஒவ்வொன்றிலும் தேதி,
ஸ்டூலில் ஏறி எக்கி எழுதிய கோணல் எண்கள்.
முதல் தேதியில் நாங்கள் இந்த ஊருக்கே வரவில்லை.
கடைசித் தேதி போன வியாழன்.
போன வியாழன்தான்
மூடி போட்ட தூக்கில்
கப்பையும் மத்திக் குழம்பும் கொடுத்தனுப்பினாள்.

மொண்ட தண்ணியை ஊற்றாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு ரெண்டே சொம்பு.
சோப்பு காதுக்குப் பின்னால் மிச்சம்.

"வெள்ளம் சூடுண்டோ?"
"இருந்துச்சு."
வேறொன்றும் வாயில் வரவில்லை.
அடுக்களை மேசையில்
பால் கணக்கு நோட்டுக்குள்
பல் பதிந்த ஒரு பென்சில்.