கடல் வேடம்

சுருதி சேராதவர்கள் மூன்று பேர்.
எங்களுக்குக் கடல்.

எட்டாம் வகுப்பு, சமூக அறிவியல், நாலாம் பாடம்.
எஸ்தர் ராஜகனி டீச்சர்
பம்பாயைப் பாட்டு நாடகமாக்கிவிட்டார்.
மாஹிமுக்கு ஒரு மெட்டு, வொர்லிக்கு ஒன்று,
மஜ்காவ் கொஞ்சம் இழுத்துப் பாடும்.
பாடத் தெரிந்த ஏழு பேர் ஏழு தீவு.
நாங்கள் நீலத் தார்ப்பாயை ஆட்ட வேண்டும்.
கடைசிப் பாட்டில் கல் விழ விழ
அதைச் சுருட்டிக்கொண்டு
பின்பக்கமாய்ப் போய்விட வேண்டும்.
கடலுக்கு வசனம் இல்லை.
புத்தகத்திலும் இல்லை.

தார்ப்பாய் இசக்கி வீட்டுக் கூரையுடையது.
தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் வீடு.
ஜூலை மாதம். நாடகத்தன்று காலை
அவன் அம்மா தர முடியாது என்றாள்:
"வீட்டுக்குள்ளயே கடலு.
உங்களுக்கு வேற துணி பாரு."

போர்த்துகல் இளவரசி ஜெனிட்டா
பம்பாயைத் தாம்பாளத்தில் வைத்துச்
சீதனமாய் ஏந்தி வந்தாள்.
முன்வரிசையில் யாரோ கேட்டார்கள்:
"பவுன் எத்தனையாம்?"
சிரிப்பில் ஒரு சரணம் முழுகிப்போனது.

பிறகு நாங்கள், வெறுங்கையோடு.
கையை ஆட்டினோம், முதுகை வளைத்தோம்.
மூன்று பேர் சும்மா குனிகிற மாதிரி இருந்தது.
இசக்கிதான் முதலில் திறந்தான்,
ஒத்திகை முழுக்க மூடச் சொன்ன வாயை:
ஹோ.
நான் ஒரு கட்டையில். ரஹ்மத் வேறொரு கட்டையில்.
ஹார்மோனியம் எங்களைத் துரத்திப் பார்த்துவிட்டு
விட்டுவிட்டது.

கடைசிப் பாட்டு.
தீவுகள் கைகோத்தன.
சாம்பல் பூசிய செருப்புப் பெட்டிகள்
கல்லாக விழுந்தன.
நான் பின்வாங்கினேன், ரஹ்மத்தும்.
இசக்கி போகவில்லை.
டீச்சர் ஓரத்திலிருந்து கையால் விரட்டினார்.
பரேலுக்கும் மாஹிமுக்கும் நடுவே
சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு
மெதுவாக, இன்னும், ஹோ.
முடிந்துவிட்டதென்று தலைமையாசிரியர் கைதட்டினார்.
தகரத்தின் மேல் மழை நிற்கவில்லை.

"ஏன்டா போகல?"
"போனா திரும்பி வராதுன்னு யாரு டீச்சர் சொன்னா?
எங்க வீட்டுக்கு வருசா வருசம் வருதே."
டீச்சர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
ஒன்று குறைந்தது போல,
மறுபடி முதலிலிருந்து.

அரையாண்டுப் பரீட்சை.
ஏழு தீவுகளின் பெயர்களை எழுதுக.
வகுப்பே உதட்டுக்குள் முணுமுணுக்கிறது.
எனக்கு அந்தப் பாட்டு
பின்பக்கத்திலிருந்து கேட்டபடிதான் ஞாபகம்.
ஹோ, கொலாபா.
ஹோ, மஜ்காவ்.
மேற்பார்வைக்கு வந்தவர் மேசையைத் தட்டினார்.
மூடிக்கொண்டோம்.
இசக்கி பெஞ்சிலிருந்து மட்டும்
கொஞ்ச நேரம் கழித்து நின்றது.