எந்தத் தாலுக்கா

புதன்கிழமை ஜெபத்துக்கு வராதவர்களை
பாஸ்டர் ஒரே சொல்லில் முடிப்பார்:
லவோதிக்கேயா.
கொதிக்கவும் மாட்டான், குளிரவும் மாட்டான் என்று அர்த்தம்.
எண்ணூரில் எங்கள் குப்பத்துக்கு அது கெட்டவார்த்தை.
சீட்டுப்பணம் கட்டாத மருமகனை
ரோசலின் அக்கா அப்படித்தான் ஏசும்.

எனக்கு அந்தப் பேர் காதில் விழாது,
இடுப்பில் ஏறும்.
அனல்மின் நிலையம் துப்பிய தண்ணீரில்
சாம்பலைத் துழாவி இறால் தேடுகிறவள் நான்.
தை மாதத்திலும் வெதுவெதுவென்று,
கெண்டைக்கால் அரிக்க.

அக்கா மகள் காலேஜிலிருந்து வந்து சொன்னாள்:
அது கிரேக்கப் பட்டணமாம், ஒரு ராணியின் பேராம்.
பிரித்தால் முன்பாதி சனம்,
பின்பாதி நியாயம்.

சிரித்தேன்.
அப்புறம் சிரிப்பு வரவில்லை.
இதைச் சொல்லியா
இத்தனை வருஷம் திட்டிக்கொண்டோம்?

எண்ணெய் மிதந்த வருஷத்து நஷ்ட ஈட்டுக்கு
ஏழாவது மனு.
ஊர் என்று போட்ட கோட்டில்
லவோதிக்கேயா என்று எழுதிக் கொடுத்தேன்.
கிளார்க் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார்.
"எந்தத் தாலுக்கா?"

சுடுதண்ணி வாய்க்காலுக்கு
இந்தாண்ட, சார்.