கவலையீனம்

எட்டாவது தவணை.
கிளிநொச்சி நீதிமன்றத்தில் காற்றாடி
ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறது,
ஒப்பந்தக் கொம்பனியின் சட்டத்தரணி இருக்கும் பக்கம்.

"மதகுக்குக் கிட்ட வரும்போது வேகம் என்ன?"
நாற்பது.
"மீற்றர் வேலை செய்ததா?"
இல்லை.
"அப்படியென்றால் நாற்பது என்று எப்படித் தெரியும்?"
அந்தக் கார் நாற்பதைத் தாண்டினால்
இடப்பக்கக் கதவு நடுங்கும்.
அன்றைக்கு நடுங்கவில்லை.
யோகசீலன் அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு
கச்சான் உடைத்து
எனக்கு ஒன்று தனக்கு இரண்டாக
வந்துகொண்டிருந்தார்.

(கச்சானைப் பதிவில் எடுக்கவில்லை.)

விசுவமடு தாண்டி. கார்த்திகை மழை.
இரவு ஏழே முக்கால்.
மதகு போடவென்று
வீதியின் இடப்பாதியை வெட்டியிருந்தார்கள்.
முன்னால் மண்கும்பி இல்லை, பீப்பாய் இல்லை,
வெளிச்சம் இல்லை.
குழி முட்ட வெள்ளம்,
தார் மினுங்குவது போலவே மினுங்கியது.

ஸ்டியரிங் என் கையில், வலப்பக்கம்.
அதனால்தான் இருக்கிறேன்.
அதனால்தான் பாதிக் குற்றம் என்னுடையதாம்.
கவலையீனம் என்று எழுதியிருக்கிறார்கள்,
வாதி நேசரூபியின் கவலையீனம்.
மூன்று வருடமாகக் குளிசை போட்டும்
விடிய இரண்டு மணிக்கு
கதவு நடுங்குகிறதா என்று எழும்பிப் பார்க்கிறவளுக்கு
இப்படியொரு சொல்.

"எச்சரிக்கைப் பலகை இருந்ததே, காணவில்லையா?"
படம் ஒன்றை நீட்டினார்.
படத்தில் பலகை நிமிர்ந்து நிற்கிறது,
அதன் நிழல் வீதியில் விழுந்திருக்கிறது.
அது மழை இரவு, ஐயா.

பிறகு நான் சொன்னதை
என்னுடைய சட்டத்தரணியே
வேண்டாம் என்று கண்காட்டினார்.
மீளக் குடியேறி நாலு வருடம்
கக்கூசுக்குப் போகவும்
சிவப்பு நாடா பார்த்துப் போன ஆட்கள் நாங்கள்.
மண்டையோட்டுப் பலகைக்கு அங்கால
பால்மாடு போய் நின்றாலும்
இங்கால நின்று பேர்சொல்லிக் கூப்பிட்டோமே தவிர
ஒரு கால் வைக்கவில்லை.
அந்தக் குழிக்கு
ஒரு முழ நாடா கட்டியிருந்தால்
மழையென்ன, நித்திரையில் ஓட்டினாலும்
நின்றிருப்பேன்.

நீதிபதி பேனையை மூடினார்.
"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்."

அடுத்து அவர்களுடைய சாட்சி,
இராக்காவல் பார்த்த பத்மகரன்.
"விளக்கு எரிந்ததா?"
"எரிஞ்சது."
"எத்தனை?"
"ரெண்டு."
"கண்ணாடி என்ன நிறம்?"
அவன் காற்றாடியைப் பார்த்தான்.
திரும்பக் கேட்டார்கள். திரும்பவும் பார்த்தான்.
தை மாதத்துக்குத் தவணை போட்டார்கள்.

மூன்றே முக்கால் பஸ் ஒன்றுதான்.
அவனும் அதில்தான்.
என் காலைக் கண்டு எழும்பி இடம் விட்டான்.
இருந்தேன். வேறென்ன செய்கிறது,
முழங்காலுக்குள் தகடு.
பரந்தன் சந்தி திரும்பித்
தருமபுரம் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு
பேசாமல் நின்றவன் குனிந்தான்.
"கிழமைக்கு அரைப்போத்தல் மண்ணெண்ணெய் தாறவங்கள், அக்கா.
புதனோட முடிஞ்சிடும்."

அது வெள்ளிக்கிழமை.

"அங்க சொல்லியிருக்கலாமே."
"இப்பவும் அவங்களிட்டத்தான் வேலை."

இப்போது வீதி காப்பெற்.
போத்தலில் தண்ணீர் அசையாமல் பஸ் போகிறது.
குழியை வந்து பாருங்கள் என்று
யாரைக் கூட்டிவந்து காட்ட?
வெள்ளையடித்த மதகுகள் வரிசையாய் வந்தன,
எல்லாம் ஒரே மாதிரி.
எண்ணிக்கொண்டு வந்தவள் ஆறிலோ ஏழிலோ பிழைத்துவிட்டேன்.
அப்போது அவன்
கொம்பனித் தொப்பியைக் கழற்றினான்.
ஒரு மதகு போனது.
போட்டுக்கொண்டான்.

"உடையார்கட்டு இறக்கம் இருக்கோ?"
என்று கொண்டக்டர் கேட்டான்.
இருக்கு என்றோம்,
இரண்டு பேரும்.