பனிக்கு ஒன்றரை ஸ்டாப்

விடியுமுன்னே பாலத்தில் இடம் பிடித்தாயிற்று.
கூஷிரோவுக்கு வடக்கே, மைனஸ் இருபத்திரண்டு.
ஆற்று நடுவில் கொக்குகள் ஒற்றைக் காலில்,
எங்கள் கேமராக்கள் மூன்று காலில்.
பேட்டரிகள் மட்டும் அக்குளில்,
குஞ்சுகளைப் போல.

ஹிசானோரி தன் ஐந்நூறு மில்லிமீட்டர் லென்ஸுக்குக்
கம்பளிக் காலுறை மாட்டியிருக்கிறார்.
காதுகளுக்கு ஒன்றுமில்லை.

மீன் தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து
நேரே வந்தவள் நான்.
முதல் படத்தில் பனி சாம்பலாக இருந்தது.
இத்தனை வெள்ளை உலகத்தில் இருக்காது என்று
ஒளிமானி தானே முடிவுகட்டிவிடுகிறது.
ஒன்றரை ஸ்டாப் கூட்டினேன்.
அரைமனதாய் ஒப்புக்கொண்டது.

வெயில் பட்டதும் ஆற்றில் ஆவி பொன்னாயிற்று.
ஒரு கொக்கு கழுத்தை நிமிர்த்திக் கூவ,
கூவல் வாயெதிரே
புகையாக நின்றது,
அரை நொடி.

பாலம் முழுக்க ஷட்டர்கள்,
தகரத்தில் ஆலங்கட்டி விழுந்தாற்போல.
எனக்கு வியூஃபைண்டரில் வெண்படலம்.
அது விட்ட மூச்சை
நான் விட்ட மூச்சு மறைத்துவிட்டது.

"கிடைத்ததா?" என்றார் ஹிசானோரி.

பேட்டரியும் செத்திருந்தது.
கோட்டுக்குள் கைவிட்டு அடுத்ததை எடுத்தேன்.
வெதுவெதுப்பாக இருந்தது.
உடனே மாட்ட மனம் வரவில்லை.