செருப்புத் தவளை

மிசௌரி. சோயா வயலுக்குப் பின்னால்
யாரோ மாட்டுக்கென வெட்டிய குட்டை.
இழுவை லாரியைக் கரையில் நிறுத்தி
முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள்
ரீத்தா க்ரௌஸ்.

தூண்டில் நுனியில் தவளை மாதிரி ஒன்று.
லீலண்ட் விட்டுப்போன ரப்பர் செருப்பின்
குதிகாலில் அறுத்தது.
கோழியிறகு வால், நகச்சாயக் கண்.
ஒரு கண் வழிந்துவிட்டது.

கம்பு பின்னே சாய, நூல் காற்றில் நீண்டு
முன்னே வந்து விழுகிறது.
ப்ளக்.
வளையங்கள் அடங்கும்வரை அசைக்கக் கூடாது.
அவளுக்கு அதுதான் வராது.

இன்று வந்தது.
எண்ணிக்கொண்டே இருந்தாள், பதினொன்று, பன்னிரண்டு,
சின்ன முத்தச் சத்தம்,
தவளையைக் காணோம்.

உள்ளங்கை அகலம்தான்,
இழுப்பதென்னவோ கன்றுக்குட்டி.
செம்பு குழைத்த மார்பு,
செவுளோரம் மைப்பொட்டு. ஆண் புளூகில்.

கொக்கியைக் கழற்றக் குனிந்தபோதுதான் பார்த்தாள்:
அடித்தரையில் தட்டுத் தட்டாய்க் குழிகள்,
குழிக்கொரு காவல்.
ஒன்றில் மட்டும் ஆளில்லை.
பொடிமீன்கள் அதற்குள் தலைகுத்தி
முட்டை தின்கின்றன.

"ஏய், ஏய்" என்று தண்ணீரை அடித்தாள்.
கொக்கி வரவில்லை. குறடு லாரியில்.
நகத்தால் நெம்பி, விரல் கிழிந்து,
விட்டதும் அது ஆழத்துக்கு ஓடவில்லை,
நேரே குழிக்குப் போனது.

லாரியில் போன் அடித்தது.
நெடுஞ்சாலைப் பள்ளத்தில் ஒரு வேன்.
நாற்பது நிமிஷம் என்றாள்.
இருபதுதான் ஆகும்.

குறடெடுத்துக் கொக்கியின் வளைவை நறுக்கிவிட்டு
இன்னொரு தரம் வீசினாள்.
ப்ளக்.
மேலே வந்தது.
செருப்பை ஒரு முட்டு முட்டிவிட்டுத்
திரும்பிப் போனது.