முக்கியம்

லியெபாயாவில் டிசம்பர்.
ஒன்பது மணிக்கும் கடையில் விளக்கெரிகிறது.
கையுறையைக் கழற்றாமல் குன்டார்ஸ்
வட்டை நீட்டுகிறார்:
ஏரியில் பெருங்கொக்குகள், பதினெட்டு வருடத்துக்கு முன்
அவரே பதிந்தது.

"அடியில் ஒரு கீறல் இல்லை, பாருங்கள்."
இல்லைதான்.
எல்லாரும் அடியைத்தான் காக்கிறார்கள்,
விரல் படாமல், மேசையில் உரசாமல்,
நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்துத் துடைத்து.
முதுகை யார் பார்த்தார்?
வெள்ளிப் பூச்சு அங்கேதான் இருக்கிறது,
வெங்காயத் தோல் கனத்தில் ஒரு மெழுகல், அதற்குக் கீழே.

முதுகில் பால்பாயின்ட் பேனாவால்
அழுத்தி எழுதியிருக்கிறார்: முக்கியம்.

விளக்குக்கு நேரே பிடித்தேன்.
எழுத்தெழுத்தாக வெளிச்சம் ஒழுகியது.

நாற்பதாம் நிமிடம்வரை ஓடுகிறது:
காற்று, நாணல், அவருடைய இருமல்,
ஒரு பெண் "உஷ், வருகின்றன" என்கிறாள்.
பிறகு அந்தச் சொல் தொடங்குகிறது.
கொக்கு பாதிக் குரலில்
வெட்டுப்பட்டு
வெட்டுப்பட்டு

"இன்னொரு முறை" என்கிறார்.
கொக்குக்காக அல்ல. அதற்குச் சற்று முன்னால்.

தேறியதைப் புது வட்டில் ஏற்றினேன்,
ஆகக் குறைந்த வேகத்தில்; மேசையில் முழங்கை படாமல்.
கைக்கு வந்ததும் கோட்டுப் பையில் பேனா தேடுகிறார்.

உறையில் எழுதுங்கள் என்றேன்.
வட்டை வெளியே எடுத்துவிட்டு.